தம்பியின் பெயருக்கு மேலே

எங்கள் வீட்டுக்குத் தம்பிதான் தலைவர். காகிதத்தில் இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் அப்படித்தான் இருந்தது.

சின்ன வயதில் அவனுக்குக் காய்ச்சல் வந்து வலிப்பு வந்தது. உடம்பு வளர்ந்தது. அறிவு ஏழு வயதில் நின்றுவிட்டது. அவனுக்குப் பதினெட்டு முடிந்த வருஷம் அப்பா கடலுக்குப் போய்த் திரும்பி வரவில்லை. வீட்டில் இருக்கிறவர்களின் பெயர் பதிய அரசாங்கக் காகிதம் வந்தபோது, தலைவர் என்ற இடத்தில் அம்மா அவன் பெயரை முதலில் எழுதச் சொன்னார். எங்கள் பக்கத்தில் அதுதான் வழக்கம். மகன் உழைக்கப் போய் இத்தாலியில் இருந்தாலும் அவன் பெயர்தான் மேலே. ஆம்பிளை இருக்கிற வீட்டில் பொம்பிளையின் பெயரை மேலே போட்டால், அந்த வீட்டில் ஆள் இல்லை என்று ஊர் நினைக்கும்.

அன்றிலிருந்து அப்பாவின் கதிரையில் தம்பி உட்கார்ந்தான். மீன் சமைத்தால் நடுத்துண்டு அவன் சோற்றுக் கோப்பைக்குப் போனது. அது அப்பாவுக்கு வைத்த துண்டு. அம்மா செத்த பிறகும் அக்கா நான் அப்படியே வைத்தேன்.

வருஷத்தில் ஒரு நாள் அந்தக் காகிதம் வரும். அன்று காலையிலேயே போடுகிற சேட்டை அயர்ன் பண்ணச் சொல்லுவான். கதிரையில் நிமிர்ந்து இருந்து பெருவிரலை மையில் தொட்டு வைப்பான். கடற்கரையில் எல்லாருக்கும் இது தெரியும். கரைவலைக் கயிற்றில் அவன் கை வைத்தால், "தலைவரே, இண்டைக்கு வீட்டில கூட்டம் இல்லையா" என்று கேட்பார்கள். அவன் கோபிக்க மாட்டான். கூட்டம் முடிஞ்சுது என்பான். இழுத்து முடிந்ததும் கறிக்கென்று கொஞ்சம் மீன் கொடுப்பார்கள். அதைப் பையில் கொண்டுவந்து என்னிடம் தருவான்.

நான் கருவாடு காயப்போடும் கொட்டில் ஒன்றில், வாடியில், மீன் வெட்டுகிறேன். முன்பெல்லாம் அவன் வலிப்புக்கான குளிசை கிளினிக்கில் கிடைத்தது. பிறகு வெளியில் வாங்கு என்று துண்டு எழுதித் தந்தார்கள். சம்பளம் மிஞ்சிய கிழமை வாங்கினேன். மிஞ்சாத கிழமை பாதிப் பாதியாக உடைத்துக் கொடுத்தேன். பாதி கொடுத்த ஒரு மாதம் வலிப்பு வந்து மூன்று தரம் விழுந்தான். ஒரு தரம் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

அவனைப் போன்றவர்களுக்கு அரசாங்க உதவி இருக்கிறது என்று வாடியில் சொன்னார்கள். ஊரின் பெயர்ப் பதிவைப் பார்க்கும் கிராம சேவகரிடம் போனேன். புதிதாக வந்தவர், சின்னப் பொம்பிளைப் பிள்ளை. எங்கள் காகிதத்தை எடுத்துப் பார்த்தார். தலைவர் என்று எழுதிய ஆளை இன்னொருவரில் தங்கி வாழ்பவர் என்று எழுத ஏலாது என்றார். என் பெயர் மேலே வர வேண்டும், அவன் பெயர் எனக்குக் கீழே வர வேண்டும், அப்போதுதான் விண்ணப்பம் போகும். வீட்டுக்கு வந்து பார்த்து எழுதுவதாகச் சொன்னார்.

அவர் வர நாலு நாள் இருந்தது. தம்பியிடம் சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. காகிதம் வருகிறது என்று யாரோ அவனுக்குச் சொல்லிவிட்டார்கள். சேட்டைக் கொண்டுவந்து என் மடியில் போட்டான். நான் அயர்ன் பண்ணிக் கொடுத்தேன்.

கிராம சேவகர் வந்து வாங்குப் பலகையில் உட்கார்ந்தார். தம்பி கதிரையில் இருந்தான். கேள்விகள் கேட்டார். இவர் வருஷம் முழுக்க இங்கேயா இருக்கிறார், சாப்பாடு யார், கரண்ட் பில் யார், மருந்து யார். ஓம், இங்கேதான், மற்றதெல்லாம் நான் என்று சொன்னேன். இவருக்கு வருமானம் இருக்கா என்று கேட்டார்.

தம்பி முந்திக்கொண்டான். "இருக்கு. கறிமீன் கொண்டாறன்."

அவர் என்னைப் பார்த்தார். நான் கயிறு இழுக்கிறதைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, அது கணக்கில்லை என்று சொல்ல வாயெடுத்தார்.

"இல்லை எண்டு எழுதுங்க மிஸ். அவனுக்கு முன்னால சொல்லாதீங்க."

அவர் தலையாட்டினார். இல்லை என்று எழுதினார்.

பிறகு மைப்பெட்டியைத் திறந்தார். தம்பி விரலை நீட்டினான். இந்த முறை அக்காதான் முதலில் கையெழுத்து வைக்க வேண்டும் என்றார். அவன் விரலை எடுக்கவில்லை. அதை நான்தான் அவனுக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

"தம்பி, இனி என்ட பேர் மேல வரும். உன்ட பேர் அதுக்குக் கீழ."

அவன் நீட்டிய விரலோடு என் பக்கம் திரும்பினான்.

"அப்பா செத்த பிறகுதானே பேர மாத்தினது. இப்ப நான் சாகப்போறனா?"

கிராம சேவகர் குனிந்துகொண்டார்.

"இல்லையடா. நீ சாகாம இருக்கத்தான் மாத்துறம். குளிசைக்கு."

"முழுக் குளிசையா?"

"ஓம். முழுசு."

அவன் விரலை இழுத்துக்கொண்டான். மை படாத விரலை இடுப்புச் சாரத்தில் துடைத்தான். நான் ஐந்தாம் வகுப்பு மட்டும்தான் படித்தேன். பெயரை எழுத்து எழுத்தாக எழுதினேன். அவன் கதிரையிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். கீழே தன் விரலை எங்கே வைப்பது என்று கேட்டு வைத்தான்.

அடுத்த நாள் கடற்கரையில் வழக்கம் போலத் தலைவரே என்று கூப்பிட்டார்களாம். "தலைவர் வாடியில நிக்கிறா, மீன என்னட்டத் தாங்க" என்றானாம். பக்கத்து வீட்டுக்காரி வந்து சொல்லிச் சிரித்தாள்.

அவன் கொண்டுவந்தது ஒரு சின்னப் பாரை. குழம்பு வைத்தேன். நடுத்துண்டை அவன் கோப்பையில் போட்டேன். அவன் அதைக் கையால் எடுத்து என் சோற்றில் வைத்தான்.

நீ தின்னு என்றேன்.

"பேர் மேல இருக்கிற ஆள்தான் தின்னணும்."

கதிரையை விட்டும் எழும்பப் பார்த்தான். அது உனக்குத்தான், இரு என்றேன். இருந்தான்.

நான் அந்தத் துண்டைத் தின்றேன். முள்ளை எடுத்துவிட்டுக் கொஞ்சம் அவன் பக்கம் தள்ளினேன். அவன் திருப்பித் தள்ளவில்லை. சாப்பிட்டு முடிந்ததும் குளிசையைக் கொடுத்தேன். பெட்டியில் இருந்த கடைசிக் குளிசை அது. பாதியாக உடைக்காமல் கொடுத்தேன்.