ஸ்டாக் கவரில் இருந்த போட் ஜோக்

1. நெட் போன நாள்

காலையிலேயே நெட் போய்விட்டது, போனிலும் பேச முடியவில்லை. மழை பிடித்தால் எங்கள் தீவில், மாயாபந்தரில், இது நடப்பதுதான், யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அன்றைக்கு நான் மட்டும் போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு போட் கட்டும் துறைக்குப் போகிற ஜெட்டி ரோட்டில் மேலும் கீழுமாக நடந்துகொண்டிருந்தேன்.

லாங் ஐலண்டுக்குச் சாமானும் சில ஆட்களையும் ஏற்றிக்கொண்டு முந்தின நாள் கிளம்பின சின்ன போட் அங்கே போய்ச் சேரவில்லை என்று அப்போதுதான் வயர்லெஸில் தெரிந்திருந்தது. போர்ட் பிளேரில் என் எடிட்டருடைய மேஜை டிராயரில், லேட்டாக வரும் போட்டைக் கிண்டல் செய்து நான் வரைந்த கார்ட்டூன் ஒன்று இருந்தது. நெட் போனால் அதை எடுத்துப் போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லி வைத்ததும் நான்தான்.

பத்திரிகைக்குப் படம் வரைய ஆசைப்படுகிற ஸ்கூல், காலேஜ் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். நானே இந்த வேலையில் ஒரு வருஷம்தான் முடித்திருக்கிறேன். ஆனால் அந்த ஒரு வருஷத்தில் அந்த இரண்டு நாள் கற்றுக்கொடுத்ததை வேறு எங்கேயும் கற்றிருக்க முடியாது.

2. வார்த்தை இல்லாத படம்

எங்கள் பத்திரிகையில் கார்ட்டூன் வந்த முதல் வருஷம் அது. இந்தியில் வரும் சின்ன தினசரி. பிஸ்வாஸ் தாதாதான் (வங்காளியில் தாதா என்றால் அண்ணன்) எடிட்டர், புரூஃப் ரீடர், எல்லாம். நான் அனுப்பிய முதல் படத்தில் ஆளுக்கு ஒரு பலூன், பலூன் நிறைய டயலாக். தாதா போன் பண்ணிப் படம் அச்சா, ரொம்ப நன்றாயிருக்கிறது என்றார், டயலாக்கை எல்லாம் எடுக்கச் சொன்னார். எனக்குக் கோபம். ராத்திரி பகலாக யோசித்த டயலாக். மகளைக் கூப்பிடுகிற மாதிரி 'பேட்டி' என்று ஆரம்பித்துச் சமாதானம் சொன்னார்.

"அரே பேட்டி, இங்க வங்காளி, தமிழன், தெலுங்கன் எல்லாரும் இந்தி பேசுவான். படிக்கச் சொன்னா பாதிப் பேர் கண்ணாடிய வீட்ல வெச்சுட்டு வந்துட்டேம்பான். படம் பார்க்க எவனும் கண்ணாடி தேட மாட்டான்."

அதிலிருந்து என் கார்ட்டூனில் ஒரு எழுத்துகூடக் கிடையாது. கடைசிப் பக்கமான நாலாம் பக்கத்தில், மேலே வலது மூலை. கொஞ்ச நாளில் ஒரு வேடிக்கை நடந்தது. இந்தி படிக்காதவர்களும் பேப்பரை வாங்கிப் பின்பக்கத்தைத் திருப்ப ஆரம்பித்தார்கள். எங்கள் பக்கத்து வீட்டுத் தவமணி அக்கா அதில் ஒருத்தி. அவர்கள் குடும்பமும் எங்கள் குடும்பமும் சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து, இன்னொரு தீவில் ரப்பர் தோட்டத்தில் குடியேறி, பிறகு இங்கே ஒதுங்கினவை. "என்னா புள்ள, இன்னைக்கு ஆட்டுக்குக் கொம்ப மறந்திட்ட" என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்தே விமர்சனம் வரும்.

இனி ஸ்டாக் கவர். நாலாம் பக்கம் மத்தியானமே லாக் ஆகிவிடும், பிறகு தாதாவே நினைத்தாலும் மாற்ற முடியாது. முதல் பக்கம் மட்டும் சாயங்காலம் வரை செய்திக்காகத் திறந்திருக்கும். மழைக்காலத்தில் நெட்டை நம்ப முடியாது என்பதால், என்றைக்கும் பொருந்துகிற படங்களை ஒரு கவரில் போட்டு தாதாவிடம் கொடுத்து வைத்திருந்தேன். பவர் கட், ரோட்டில் படுத்த எருமை, போட் லேட். மத்தியானத்துக்குள் என்னிடமிருந்து ஒன்றும் வராவிட்டால் மேலே இருப்பதை எடுத்துப் போட வேண்டியது. அன்றைக்கு மேலே இருந்தது போட் லேட்.

போட்டைக் கிண்டல் பண்ணாத வீடு இங்கே கிடையாது. போட்டை ஓட்டி லேட்டாக வந்து கட்டுகிற சுக்கானியைப் பார்த்து, நடுக்கடலில் கல்யாணம் முடித்துக் குழந்தை குட்டியோடு வருகிறாயா என்று கேட்பது ஜெட்டி வழக்கம். அதனால்தான் அந்தப் படத்தை ரொம்ப சேஃப் என்று நினைத்தேன். படத்தில் பிரயாணிகளுக்கெல்லாம் தாடி டெக் வரை வளர்ந்திருக்கும். ஒரு தாடியில் பறவை கூடு கட்டியிருக்கும். சுக்கானி ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்துத் தூங்குவார். அந்த சுக்கானியின் பெரிய மீசைக்கு மாடல் தவமணி அக்காவின் வீட்டுக்காரர், கணேசன் அண்ணன்.

காணாமல் போன போட்டின் சுக்கானியும் அவர்தான்.

3. வயர்லெஸ் ரூம் வாசல்

ஜெட்டி ஆபீசில் வயர்லெஸ் இருக்கிறது, அது போர்ட் பிளேருக்குப் பேசும் என்று ஞாபகம் வந்ததும் ஓடினேன். தாதாவுக்கு ஒரே ஒரு வரி சொல்லச் சொன்னால் போதும். வாசலுக்குப் போய்விட்டேன். உள்ளே ஒருவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு அந்த போட்டின் பேரைச் சொல்லிக் கூப்பிடுகிறார், நிறுத்துகிறார், கேட்கிறார், மறுபடி கூப்பிடுகிறார். பதிலுக்கு இரைச்சல்தான். என்ன வேணும் என்று பியூன் கேட்டார். ஒன்றும் இல்லை என்று திரும்பி வந்துவிட்டேன். அந்த லைனில் கார்ட்டூனைப் பற்றிப் பேச எனக்கு வாய் வரவில்லை.

வெளியே படியில் தவமணி அக்கா உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவள் கடலைப் பார்த்தாள், நான் கடிகாரத்தைப் பார்த்தேன். மத்தியானம் தாண்டியது. நாலாம் பக்கம் லாக் ஆகியிருக்கும்.

4. மை

மறுநாளும் போட் பற்றித் தகவல் இல்லை. போர்ட் பிளேரிலிருந்து பேப்பர் கொண்டுவரும் பஸ் மழையில் தாமதமாகத்தான் வந்தது. பேப்பர் ஏஜென்ட் ராவ் அங்கிள் வருவதற்கு முன்பே நான் பஸ் நிற்கும் இடத்தில் நின்றேன். பண்டலைப் பிரித்து நாலாம் பக்கம் திருப்பினால், தாடி, பறவை, மீசை, தூக்கம். அச்சு அருமையாக விழுந்திருந்தது.

பண்டலை அப்படியே தூக்கிக்கொண்டு ஓடிவிடலாமா என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் முதல் பக்கத்தில், போட்டைத் தேடக் கப்பல் கிளம்பியிருக்கிறது என்ற செய்தி இருந்தது. ஜெட்டியில் இருக்கிறவர்களுக்கு அது வேண்டும். பையில் பிரஷ்ஷும் கறுப்பு மையும் இருந்தன. வந்த பேப்பரில் கை வைக்கக் கூடாது என்று ராவ் அங்கிள் தடுத்துப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, அவரே உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பக்கம் திருப்பிக் கொடுக்க ஆரம்பித்தார். எல்லாக் காப்பியிலும் என் படத்தின் மேல் கறுப்பு பூசினேன். முடித்தபோது மனசு கொஞ்சம் லேசானது. சரியான வேலை செய்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

பேப்பர் ஜெட்டிக்குப் போனது. இந்தி படிக்கிறவர்கள் முதல் பக்கத்தைப் பார்த்தார்கள். படிக்காதவர்கள் வழக்கம்போலப் பின்பக்கத்தைத் திருப்பினார்கள். தினமும் படம் இருக்கிற இடத்தில் ஈரம் காயாத கறுப்புச் சதுரம்.

முதலில் ஒருவர் பக்கத்து ஆளிடம் கேட்டார். அவர் இன்னொருவரிடம் கேட்டார். வங்காளியில் ஒரு குரல், தெலுங்கில் ஒரு குரல், பிறகு எல்லோருக்கும் புரிகிற இந்தியில் ஒருவர் சொல்லிவிட்டார்: பாடி கிடைத்திருக்கிறது, போட்டோ போட்டிருக்கிறார்கள், நம் கண்ணில் படக் கூடாது என்று போலீஸ் மை பூசியிருக்கிறது.

அதற்குமேல் அது வதந்தி இல்லை, செய்தி. ஒரு அம்மாள் தரையில் உட்கார்ந்து மார்பில் அடித்துக்கொள்ள ஆரம்பித்தாள். நாலைந்து பேர் ஜெட்டி ஆபீஸ் கதவைத் தட்டினார்கள். தவமணி அக்கா அழவில்லை. பேப்பரை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, கறுப்புக்குப் பின்னால் யார் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் விரலெல்லாம் என் மை.

நான் ஒரு பெட்டி மேல் ஏறி, அது நான் பூசின மை என்று இந்தியில் கத்தினேன். அடியில் போட்டோ இல்லை, கார்ட்டூன் என்றேன். யாரும் நம்பவில்லை. என்ன கார்ட்டூன், சொல்லு என்றார் ஒருவர். சொன்னேன். தாடியைச் சொன்னேன், பறவைக் கூட்டைச் சொன்னேன். சொந்தக்காரர்களைக் கடலில் தொலைத்துவிட்டு நிற்கிறவர்களிடம் ஒரு ஜோக்கை முதலிலிருந்து கடைசி வரை விளக்கிச் சொல்ல வேண்டியிருந்தது. ஒருத்தர் முகத்திலும் அசைவில்லை.

தவமணி அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"சுக்கானி என்னா செய்யிறாரு ஓம் படத்தில?"

"தூங்குறாரு அக்கா."

"மீச இருக்கா?"

"இருக்கு. அண்ணன் மீசைதான்."

"முழுசாத்தானே இருக்காரு? கையி காலு எல்லாம்?"

தலையாட்டினேன்.

"தூங்குற மனுசன் மேல எதுக்கு புள்ள கறுப்ப அடிச்ச?"

பேப்பரை நீட்டி, திரும்ப வரைந்து கொடு என்றாள். அங்கேயே, ஓரத்து வெள்ளை இடத்தில், சின்னதாக வரைந்தேன். தாடிக்காரர்களையும் விடாமல் வரையச் சொன்னாள். மற்றவர்களும் குனிந்து பார்த்தார்கள். மார்பில் அடித்துக்கொண்ட அம்மாள் எழுந்து வந்து, இதில் என் மகன் எவன் என்று கேட்டாள். ஒரு தாடியைக் காட்டினேன். அவன் தாடி வைக்க மாட்டான் என்றாள். தாடியை எடுத்துவிட்டு வேறு வரைந்தேன்.

5. கயிறு

இன்ஜின் நின்றுபோய் மிதந்த போட்டை மீன்பிடி போட் ஒன்று அடுத்த நாள் கட்டி இழுத்து வந்தது. எல்லோரும் உயிரோடு இருந்தார்கள். கணேசன் அண்ணனுக்குக் காய்ச்சல். காய்ச்சல் விட்டதும் வேலிக்கு வந்து, நான் ட்யூட்டியில் தூங்குகிற ஆளா என்று ஒரு மணி நேரம் சண்டை போட்டார். சந்தோஷமாக வாங்கிக்கொண்டேன்.

நான் கற்றது இது. வார்த்தை இல்லாத படத்தை மூடினால், பார்க்கிறவர் அந்த இடத்தில் தன் பயத்தை வரைந்துகொள்வார். அது நீங்கள் வரையக்கூடிய எதையும்விட மோசமாக இருக்கும். தப்பான படம் அச்சாகிவிட்டதா, போய் நின்று, என்னவென்று சொல்லுங்கள்.

இரண்டாவது, தாதாவும் நானும் சேர்ந்து எடுத்த முடிவு. எருமையும் பவர் கட்டும் ஸ்டாக்கில் இருக்கலாம். போட் இருக்கக் கூடாது. இப்போது போட் படம் அனுப்பினால் தாதா நன்றாயிருக்கிறது, நன்றாயில்லை என்று எதுவும் சொல்வதில்லை. "ரஸ்ஸி பந்த் கயா?" என்று மட்டும் கேட்பார். கயிறு கட்டியாச்சா, போன போட்டெல்லாம் கரை சேர்ந்தாச்சா என்று அர்த்தம். நான் செருப்பை மாட்டிக்கொண்டு ஜெட்டி வரை நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்துதான் பதில் சொல்கிறேன். சில நாள் அந்த நடை ரொம்ப நீளமாக இருக்கிறது.