சித்தப்பாவின் கார் யாருடையது

கடத்தூரில் நான் வைத்திருந்த சொட்டுநீர்க் குழாய்க் கடை நொடித்துப்போய், கோர்ட்டில் திவால் மனு போட்டு, கடன்காரர்களுக்கு மஞ்சள் நோட்டீஸ் அனுப்பியிருந்த சமயம். அப்பாவை டயாலிசிஸுக்குத் தர்மபுரி அழைத்துப்போகச் சித்தப்பா தன் காரைக் கொடுத்தார். முடிந்துபோயிருந்த இன்சூரன்சையும் தன் பெயரிலேயே புதுப்பித்தார். நான் ஓட்டலாமா என்று இன்சூரன்ஸ் ஆபீசில் கேட்டதற்கு, "லைசென்ஸ் இருந்தா தாராளமா ஓட்டுங்க" என்றார்கள்.

ஆஸ்பத்திரி வாசலில், கடைக்குக் கடன் கொடுத்தவர்களின் வசூல் ஆள் வழிமறித்தான்.

"மஞ்ச நோட்டீசு குடுத்துட்டு காரு கேக்குதுங்களா?"

ஆர்.சி.யையும் பாலிசியையும் நீட்டினேன். அவன் பார்க்கவே இல்லை. பின்கண்ணாடியைக் காட்டி, "அது யாரு பேரு?" என்றான்.

என் பெயர்தான், பி.இ. பட்டத்தோடு. குடும்பத்தில் முதலில் படித்தவன் என்று சித்தப்பா ஆசையாக ஒட்டிய ஸ்டிக்கர். அதைப் போட்டோ எடுத்து, நான் சொத்தை மறைத்துவிட்டதாகக் கோர்ட்டில் கொடுத்துவிட்டார்கள்! கார் போனால் அப்பாவைப் பஸ்ஸில் எப்படி ஏற்றி இறக்குவேன்?

விசாரணைக்குச் சித்தப்பாவே வந்தார். "ஏனுங்கய்யா, முன்கண்ணாடில முனியப்பன் பேருந்தான் போட்ருக்குது. அப்ப காரு சாமிதுங்களா?"

கோர்ட்டே சிரித்தது. ஆர்.சி.யைப் பார்த்த நீதிபதி, கார் சித்தப்பாவுடையதுதான் என்று சொல்லிவிட்டார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. படித்ததற்காக ஒட்டிய பெயரைத் திருட்டுத்தனத்துக்குச் சாட்சியாக்கியவர்கள் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்கவில்லை. வெளியே அந்த ஆள் பல்லிளித்தான்: "ஸ்டிக்கர கிழிச்சிடுங்க சார், உங்களுக்குத்தான் தொல்ல."

"நீ கிழிச்சிப் பாருடா" என்றார் சித்தப்பா.

மறுநாள் அப்பாவை அதே காரில்தான் அழைத்துப்போனேன். வழியெல்லாம் எனக்குக் கொதித்துக்கொண்டே இருந்தது.