பின்னால் போக இடமில்லாத காம்பரா

போன கிழமை பதுளை டவுனுக்குப் போயிருந்தேன். கெமரா லென்ஸுக்குள் பூஞ்சணம் பிடித்துவிட்டது. எங்கள் தேயிலைத் தோட்டப் பக்கத்துப் பனிக்கு அது வழக்கம். அரிசி டின்னுக்குள் வைத்தால் பிடிக்காது என்று யாரோ சொன்னார்கள். வைத்தேன். பூஞ்சணமும் பிடித்தது, அரிசித் தூசியும் உள்ளே போனது. லென்ஸின் மூடி அரிசி புடைக்கிற சுளகில் வந்து விழுந்தபோது வீட்டுக்காரியிடம் வாங்கிய பேச்சை இங்கே எழுத முடியாது.

கெமரா கடையில் ஒரு புருஷன் பெண்சாதி. புதிதாகக் கல்யாணம் ஆனவர்கள் போல. முதல் கெமரா வாங்க வந்திருந்தார்கள். மலிவாக எந்த லென்ஸ் எடுக்கலாம் என்று கேட்டார்கள். விற்கிறவர் ஐம்பது மில்லிமீட்டர் லென்ஸை எடுத்து வைத்தார். விலை குறைவு, வெளிச்சம் இல்லாத இடத்திலும் எடுக்கும், முகம் பளிச்சென்று வரும் என்றார். அதெல்லாம் உண்மைதான். ஆட்கள் எல்லாரும் படத்துக்குள் வராவிட்டால் என்ன செய்வது என்று அந்தப் பெண் கேட்டாள்.

"ரெண்டு எட்டு பின்னால போங்க. அவ்வளவுதான்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. எனக்கும் இதையேதான் சொல்லி விற்றார்கள். அப்போது நான் தேயிலை ஃபெக்டரியில் வேலை. எட்டாம் வகுப்போடு சரி. ஞாயிற்றுக்கிழமைகளில் சடங்கு, கல்யாணம் என்று படம் எடுப்பேன். கெமராவோடு ஒரு லென்ஸ் வந்தது. ஐம்பதைப் பழையதாக வாங்கினேன். முதல் சடங்கிலேயே தெரிந்துபோனது. லயத்துக் காம்பரா என்றால் வரிசையாக ஒட்டிக் கட்டிய ஒற்றை அறை வீடு. அதில் இரண்டு எட்டுப் பின்னால் போனால் முதுகு சுவரில் முட்டும். இன்னும் போக வேண்டுமானால் கதவைத் தாண்டி, இஸ்தோப்புத் திண்ணையைத் தாண்டி, கானுக்குள் இறங்க வேண்டும். இறங்கினேன். கழுவின தண்ணீர் ஓடுகிற கான். படத்தில் வந்தது கதவு நிலையும் பிள்ளையின் பாதி மாலையும்.

அந்த லென்ஸைச் செய்தவனுக்கும், அதைப் பற்றிப் பேசுகிறவர்களுக்கும் பெரிய வீடு இருக்கும். ஏழு பேர் ஒரே அறையில் இருப்பார்கள் என்று அவர்களுக்கு யார் சொல்வது?

நீட்டு லென்ஸ் வேண்டாமா என்று கேட்பீர்கள். எல்லவில் சுற்றுலா வருகிறவர்களிடம் அதைப் பார்த்திருக்கிறேன். ரோட்டில் நின்றபடியே மேலே மலையில் கொழுந்து பறிக்கிற பொம்பளையின் மூக்குத்தி வரைக்கும் இழுத்து எடுப்பார்கள். அவளுக்குத் தெரியவே தெரியாது. கேட்டு எடுக்கும் தூரத்துக்கு வர மாட்டார்கள். அந்த லென்ஸ் எனக்கு வேண்டாம்.

ஏழு பேர் என்று சொன்னது மாரியாயி அக்கா வீட்டை. எங்களுக்கு அடுத்த காம்பரா. அக்கா, அவர் வீட்டுக்காரர் பெருமாள் அண்ணன், மாமியார், மூத்த மகன், மருமகள் சுமதி, கைக்குழந்தை, படிக்கிற மகள். இளம் புருஷன் பெண்சாதியும் வயசுப் பிள்ளையும் ஒரே அறைக்குள். சுமதி இருட்டின பிறகுதான் சேலை மாற்றும்.

அப்போது மேல்மலையில் தனி வீடு கட்டிக் கொடுக்கிறார்கள் என்று பேச்சு வந்தது. முதலில் கொஞ்சம் வீடுதான். இட நெருக்கடி அதிகமாக உள்ள குடும்பத்துக்கு முதலிடம். டவுனில் அந்த வேலையைப் பார்த்தவர் ஒரு அதிகாரி. யாழ்ப்பாணத்துக்காரர். தோட்டத்து ரோடு மழையில் உடைந்து கிடந்ததால் நேரில் வராமல் காம்பராவைப் படம் எடுத்துக் கொண்டுவரச் சொன்னார். அக்கா என்னிடம் வந்தார். காசு பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

ஐம்பதில் முடியாது என்று தெரியும். கெமராவோடு வந்த லென்ஸை முழுக்க அகலமாக்கி, மூலையில் ஒட்டி நின்று எடுத்தேன். நாலு சுவரில் மூன்று வந்தது. எனக்குப் பெருமை. அக்காவும் நானும் பஸ் ஏறிப் போய்க் கொடுத்தோம். அதிகாரி கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார்.

"தம்பி, இது நல்ல பெரிய அறையெல்லோ? இதைவிடச் சின்னதில இருக்கிற ஆக்கள் இருக்கினம்."

வாங்கிப் பார்த்தேன். அவர் சொன்னது பொய்யில்லை. படத்தில் அது மண்டபம் மாதிரி கிடந்தது. அகல லென்ஸ் மூலையை இழுத்துத் தள்ளிவிடும். அடுப்பு எங்கோ தூரத்தில் இருந்தது. உண்மையில் பாயில் உட்கார்ந்தே எட்டி விறகைத் தள்ளலாம். லென்ஸ் செய்கிற வேலை ஐயா, வந்து பாருங்கள் என்றேன். ரோடு சரியானதும் பார்க்கலாம் என்றார். ரோடு எப்போது சரியாகும் என்று எங்களுக்குத் தெரியாதா? திரும்பும் பஸ்ஸில் ஹாலிஎல தாண்டும்போது அக்கா சொன்னார்.

"நாங்க படுத்துக் காட்டுறோம். அப்ப எடு."

விளங்க எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அக்கா பாய்களை விரித்தார். பெருமாள் அண்ணன் இஸ்தோப்பில் போய் நின்றுகொண்டார்.

"நா படுக்க மாட்டேன். ஊருக்குக் காட்டுறதுக்கா பொண்டாட்டி புள்ளையோட படுக்குறது? மானம் போயிரும்."

"மானத்தப் பாத்துக்கிட்டு இந்த காம்பராவுலயே சாவோமா? வந்து படு."

வந்து படுத்தார். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். சுமதி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டது. மூத்தவன் படுத்தால் கால் கதவுக்கு வெளியே போகும், தினமும் அப்படித்தான். அதையும் அப்படியே நீட்டச் சொன்னார் அக்கா. மகள் ஸ்கூல் புத்தகப் பையைத் தலைக்கு வைத்துக்கொண்டது. கடைசியாக மாமியார் கேட்டார்.

"ஏன்டா, கண்ண மூடிக்கவா? தெறந்தே வச்சிருக்கவா?"

சுமதி முந்தானைக்குள் சிரித்தது. எல்லாரும் சிரித்தார்கள். அண்ணன் முதுகும் குலுங்கியது. சிரிப்பு அடங்கட்டும் என்று நின்றேன். அடங்கிய பிறகு யாரும் யாரையும் பார்க்கவில்லை.

விறகு அடுக்கும் பலகையில் ஏறி நின்று கீழே பார்த்தேன். தரை தெரியவில்லை. அதே லென்ஸ்தான். எவ்வளவு அகலமாக்கினாலும் தரை வரவில்லை. இனி அதால் பொய் சொல்ல முடியாது. எடுத்தேன். ஒன்றே ஒன்று. இன்னொன்று எடுக்கக் கை வரவில்லை.

அதிகாரி அந்தப் படத்தை நிறைய நேரம் பார்க்கவில்லை. கவிழ்த்து வைத்தார்.

"ஏன் இப்பிடி எடுத்தனீங்கள்?" குரல் இறங்கியிருந்தது.

"வெறும் அறைய நம்பலைங்களே" என்றார் அக்கா.

வீடு கிடைத்தது. சந்தோஷமா என்றால் சந்தோஷம்தான். ஆனால் எனக்கு இன்றும் ஆறவில்லை. அந்த லயம் வெள்ளைக்காரன் காலத்தில் இருந்து அங்கேதான் இருக்கிறது. அளவு மாறவில்லை. எத்தனையோ பேர் வந்தார்கள், ஓட்டு கேட்டார்கள், அதே இஸ்தோப்பில் உட்கார்ந்து பிளேன்டீ குடித்தார்கள். அது சின்னது என்று நம்ப வைக்க ஒரு குடும்பம் பட்டப்பகலில் வரிசையாகப் படுக்க வேண்டியிருந்தது.

சாவி வாங்கின அன்றைக்கே அக்கா அந்த அதிகாரி முன்னால் போய் நின்றார். நானும் கூட இருந்தேன்.

"ஐயா, வீடு குடுத்தீங்க, சந்தோசம். எங்க படத்தக் குடுங்க."

அது கோப்பில் இருக்க வேண்டும் என்றார் அவர். அக்கா வாதாடவில்லை. நகரவும் இல்லை. பின்னால் ஆட்கள் சேர்ந்தார்கள். கடைசியில் அவரே உருவி எடுத்துக் கொடுத்தார். அக்கா அதை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார். புது வீட்டில் பால் காய்ச்சின நெருப்பில் முதலில் போனது அதுதான். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ஒன் கெமராவுல இருக்குறதயும் அழி. நா பாக்கணும்."

அழித்தேன். "வேற எங்கயும் ஒளிஞ்சிருக்கா?" என்று கேட்டார். கம்ப்யூட்டரில் இருந்ததையும் மறுநாள் வந்து, பக்கத்தில் நின்று, அழிக்க வைத்துவிட்டுத்தான் போனார்.

இப்போது டவுனில் இருந்து படித்த பிள்ளைகள் வருகிறார்கள். லயத்து வாழ்க்கை என்று படம் வைத்துக் காட்டப் போகிறார்களாம். ஒரு அறையில் எல்லாரும் எப்படி இருந்தார்கள் என்று காட்டுகிற படம் இருக்கிறதா என்று கேட்கிறார்கள். இல்லை என்கிறேன். ஆட்கள் போன பிறகு அந்த லயத்தின் கூரைத் தகரத்தைக் கழற்றிவிட்டார்கள். உள்ளே மானாப் புல் ஆள் உயரம் நிற்கிறது. சுவர் இருக்கிறது. வேண்டுமானால் அளந்து பார்க்கட்டும்.