நாபோத்தின் முந்திரித் தோப்பு

திருப்பாதிரிப்புலியூர் மார்க்கெட்டில் இன்று ஒரு கூடை முந்திரிப்பழத்தைக் கடந்தபோது வந்த புளித்த இனிப்பு வாசனை, கம்மாபுரத்துக்கு அப்பால் இருந்த எங்கள் முப்பத்தேழு மரத் தோப்பில் என்னைக் கொண்டுபோய் நிறுத்தியது. அங்கேதான் ஞாயிறு பள்ளி நடக்கும். பைபிள் கதை எதுவானாலும் கேட்ட கையோடு நடித்துவிடுவோம், திராட்சைத் தோட்டம் என்றாலும் எங்களுக்கு முந்திரித் தோப்புதான்.

சுரங்கத்துக்கு நிலம் கேட்டு அப்பாவுக்கு நோட்டீஸ் வந்திருந்த வாரம், ராஜா கேட்டும் தன் திராட்சைத் தோட்டத்தைத் தராததால் கல்லெறிந்து கொல்லப்பட்ட நாபோத்தாக நான் நின்றேன்.

"குடுத்துடு மச்சான், இல்லன்னா செத்த!" என்று ராஜாவாக நடித்த சாமுவேல் கத்த, கல்லுக்குப் பதிலாகப் பழங்கள் பறந்தன. இருபத்துமூன்று என்மேல் பட்டன. சாறு வழிய வீட்டுக்குப் போய் நாடகக் கதையைச் சொன்னபோது அப்பா சிரிக்கவில்லை.

"ராஜா கேட்டா குடுத்துட்டுப் போவ வேண்டியதுதானடா. உசுராவது மிஞ்சும்ல."

மறுநாள் அவர் கையெழுத்துப் போட்டார். சட்டையிலிருந்த கறை கடைசிவரை போகவில்லை. தோப்பு போய்விட்டது, இப்போது அங்கே பெரும்பள்ளம்.

நாபோத் மறுத்தார், அப்பா கொடுத்தார். இந்த வயதிலும் மாற்றி மாற்றி எண்ணிப் பார்க்கிறேன். இரண்டு பேருக்கும் ஒரு மரம்கூட மிஞ்சவில்லை.