மகாராணிக்கு அம்மை போட்ட வாரம்

இங்கிலாந்து மகாராணிக்கு அம்மை போட்ட அதே வாரம் எனக்கும் போட்டது. சொன்னால் எல்லாரும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அந்த நாலு நாள் நான் பட்டது எனக்குத்தான் தெரியும்.

வருஷம் எழுபத்தொன்று, நவம்பர் மாசம். நான் டொரண்டோவில் வந்து இறங்கி இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. கல்யாணமாகிப் பத்து நாள் என்னோடு இருந்துவிட்டு இவர் கனடாவுக்கு விமானம் ஏறிவிட்டார். ஒரு கம்பெனியில் கட்டட வரைபடம் போடுகிற வேலை. ஒரு வருஷம் கழித்துத்தான் என்னை வரவழைத்தார். ஆக, எங்களுக்குள் பழக்கம் என்று பார்த்தால் மொத்தமே இருபத்தைந்து நாள். இன்னும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் நேராகப் பார்த்துப் பேசக் கூச்சமாக இருந்த காலம்.

டொரண்டோவில் பார்க்டேல் என்கிற பேட்டையில் ஒரு பழைய செங்கல் வீட்டின் மூன்றாம் மாடியில் எங்களுக்கு ஒரே அறை. அதிலேயே ஒரு மூலையில் அடுப்பு. குளியலறை இரண்டாம் மாடியில், வீட்டுக்கார அம்மாவுக்கும் எங்களுக்கும் பொதுவாக. அந்தம்மா ஸ்காட்லாந்திலிருந்து வந்தவர், புருஷன் இல்லை, வயசு அறுபதுக்கு மேல் இருக்கும். கீழே நடையில் மகாராணி படம் மாட்டியிருந்தார். கண்ணாடி அலமாரியில் மகாராணி முகம் போட்ட கோப்பைகள் வரிசையாக இருந்தன. அதில் ஒருத்தரும் டீ குடித்து நான் பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை எனக்குக் காய்ச்சல். குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தோம். திங்கட்கிழமை காலை இவர் வேலைக்குக் கிளம்பிப் போனபிறகு ரவிக்கையை மாற்றும்போது பார்த்தேன், மார்பிலும் வயிற்றிலும் ஏழெட்டு கொப்புளம். உள்ளே தண்ணீர் கோத்துக்கொண்டு பளபளவென்று இருந்தது. எங்கள் பக்கம் அதைக் கொப்புளம் என்று சொல்லமாட்டார்கள், முத்து என்பார்கள். அம்மை என்றுகூட வாய்விட்டுச் சொல்வதில்லை. அம்மா வந்திருக்கா என்பதோடு சரி. நான் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன்.

வந்திருப்பது பெரியம்மையா, சின்னம்மையா? எனக்குத் தெரிய வேண்டியது அது ஒன்றுதான். சின்னது என்றால் பத்து நாளில் இறங்கிவிடும். பெரியது என்றால் ஆள் தேறுவது நிச்சயமில்லை. என் அக்கா தேறவில்லை. அப்போது அவளுக்கு ஏழு வயசு, எனக்கு மூன்று.

அக்கா போன அன்றைக்கு என் அம்மா மாரியாத்தா சந்நிதியில் போய் ஒரு வாக்குக் கொடுத்துவிட்டு வந்தாள். மிச்சம் இருக்கிற இந்தப் பெண் உன்னுடையது, இவள் உடம்பில் ஊசி பட விடமாட்டேன் என்று. முனிசிபாலிட்டியிலிருந்து அம்மை குத்துகிறவர் தெருவுக்குள் நுழைந்தாரென்றால் போதும், என்னைப் பக்கத்து வீட்டு அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் உட்கார வைத்துவிடுவாள். பள்ளிக்கூடத்துக்கு அவர் வரும் நாளில் எனக்கு வயிற்றுவலி வந்துவிடும். இப்படியே இருபத்திரண்டு வயசு வரை தப்பித்தாயிற்று. கனடா கிளம்பும்போதுதான் சிக்கல் வந்தது. அம்மை குத்தியதற்கு அத்தாட்சியாக ஒரு மஞ்சள் அட்டை கையில் இல்லாமல் விமானத்தில் ஏற்றமாட்டார்கள். அம்மா எங்களுக்குத் தெரிந்த கம்பவுண்டரைப் போய்ப் பார்த்தாள். அவர் ஊசியைத் தொடாமலேயே அட்டையில் முத்திரை குத்திக் கொடுத்துவிட்டார். இங்கே விமான நிலையத்தில் அதிகாரி அதைப் பிரித்துப் பார்த்தார், தலையை ஆட்டினார், உள்ளே விட்டார். இது இவருக்கும் தெரியாது. என்னை விட்டால் ஒரு கம்பவுண்டருக்கும் என் அம்மாவுக்கும்தான் தெரியும்.

அந்தத் திங்கட்கிழமை முழுக்க நான் என்னையே திட்டித் தீர்த்தேன். அடிப் பாவி, பொய் முத்திரையைக் காட்டி நுழைந்து ஒரு ஊருக்கே நோயை வாரிக்கொண்டு வந்துவிட்டாயே என்று. விமானத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண், கடையில் சில்லறை கொடுத்தவர், குளியலறையில் எனக்குப் பின்னால் போகிற வீட்டுக்கார அம்மா, எல்லார் முகமும் வரிசையாக வந்தது. எங்கள் ஊரில் அம்மை போட்டால் வாசலில் வேப்பிலை சொருகிவிடுவார்கள். அதைப் பார்த்தால் தெருவே ஒதுங்கிப் போகும். யாரும் வரமாட்டார்கள், வீட்டில் தாளிக்கமாட்டார்கள். யாரிடமும் வாய்விட்டுச் சொல்ல வேண்டிய கஷ்டம் இல்லை, வேப்பிலை சொல்லிவிடும். இந்த ஊரில் வேப்பிலைக்கு எங்கே போவேன்? மரங்களெல்லாம் மொட்டையாக நின்றன. நான் கதவைச் சாத்திக்கொண்டு மஞ்சளை அரைத்துப் பூசிக்கொண்டேன்.

இவரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும், நியாயம் அதுதான். ஆனால் இவருடைய இடது கையில், தோளுக்குக் கீழே, காசு அளவுக்கு ஒரு தழும்பு இருந்தது. இவருக்குச் சின்ன வயசிலேயே அம்மை குத்தியிருக்கிறார்கள், இவருக்கு வராது என்று நான் மனசைத் தேற்றிக்கொண்டேன். அந்தத் தழும்பு ஒன்றை நம்பித்தான் வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் படுத்தேன். முகத்தில் இரண்டு மூன்று முத்து வந்தபோது, இங்கத்து சோப்பு எனக்கு ஒத்துக்கவில்லை என்றேன். இவர் ம் என்றார். அவ்வளவுதான். இவர் எப்போதுமே அப்படி, நூறு வார்த்தைக்கு ஒரு ம்.

செவ்வாய்க்கிழமை காலையில் கீழே ரேடியோ அலறியது. மகாராணிக்கு அம்மை. சின்னம்மை. அரண்மனையை விட்டு வெளியே வரமாட்டார், போக வேண்டிய இடங்களெல்லாம் ரத்து. படிக்கட்டு வழியாக எனக்குத் துண்டு துண்டாகக் கேட்டது. அப்புறம் டெலிபோன் ஓயவில்லை. வீட்டுக்கார அம்மாவின் சிநேகிதிகள் ஒவ்வொருத்தராகக் கூப்பிட, அந்தம்மா ஒவ்வொருத்தரிடமும் அதையே திருப்பிச் சொன்னார். குழந்தைக்கு வந்தால் விளையாட்டு, பெரியவர்களுக்கு வந்தால் நுரையீரலில் இறங்கிவிடும், என் தம்பி முப்பத்தெட்டு வயசில் அப்படித்தான் போனான் என்று. சொல்லும்போது குரல் உடைந்தது. ஆயிரக்கணக்கான மைலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஒருத்திக்காக ஒரு கிழவி அழுவதைக் கேட்டுக்கொண்டு, அதே வீட்டில் மூன்றாம் மாடியில் நான் மஞ்சள் பூசிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

படித்து முடித்த பேப்பரை அந்தம்மா மாடிப்படியில் வைப்பார், சாயங்காலம் இவர் எடுத்துக்கொண்டு வருவார். அன்றைக்கும் கொண்டுவந்தார். மூக்கும் காதும் சிவந்து, காலெல்லாம் ஈர மணலாக வந்து நின்றார். கூட்டிப் பெருக்க எனக்குத் தெம்பில்லை, அந்த எரிச்சலில், ரோடு இருக்கிற ஊரில் ரோட்டில் நடக்கத் தெரியாதா என்று கத்தினேன். ம் என்று சொல்லி ஷூவைக் கழற்றிக் கதவுக்கு வெளியே வைத்தார்.

முதல் பக்கத்திலேயே மகாராணி. யாரிடமிருந்து தொற்றியிருக்கும் என்று அதற்குள் ஆராய்ச்சி. எந்த விருந்துக்குப் போனார், எந்தக் குழந்தையோடு கை குலுக்கினார் என்று தேடிக்கொண்டிருந்தார்கள். அரண்மனைக்குள் இருக்கிறவளுக்கே யார் கொடுத்தது என்று இத்தனை பேர் தேடினால், இந்த ஊரில் பெரியம்மை என்று ஒருத்தர் விழுந்தால் என்னைத் தேடி வர எத்தனை நேரம் ஆகும்? உள்பக்கத்தில் வங்காள எல்லையில் அகதி முகாம் படம். தரையில் படுத்துக்கிடக்கிற ஜனங்கள். முந்தின வாரம் இதேபோல ஒரு படத்தைக் காட்டி, இது உன் ஊருக்குப் பக்கமா என்று வீட்டுக்கார அம்மா கேட்டிருந்தார். இல்லை, ரொம்ப தூரம் என்றேன். நம்பினாரோ என்னவோ.

புதன்கிழமை பேப்பரில் ஒரு டாக்டர் எழுதியிருந்தார். மகாராணி விஷயத்தில் ஜனங்கள் பீதி அடைய வேண்டாம் என்று சமாதானம் சொல்வதற்காக எழுதியது. சின்னம்மை முதலில் உடம்பில் வரும், சிலது காயும்போதே புதுசாகச் சிலது கிளம்பும். பெரியம்மை முகத்திலும் கை காலிலும் அதிகம், எல்லாம் ஒரே பருவமாக இருக்கும், உள்ளங்கையிலும் பாதத்திலும்கூட வரும். கடைசி வரியில், பெரியம்மை இன்னும் ஒழியாத நாடுகளில் இந்தியாவின் பேர். நான் படித்த பி.யூ.சி. இங்கிலீஷை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாக மூன்று தடவை படித்தேன்.

வியாழக்கிழமை காலை, இவர் போனதும், வீட்டுக்கார அம்மா கடைக்குக் கிளம்புகிற சத்தம் கேட்டதும், பேப்பரை எடுத்துக்கொண்டு குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் போய் நின்றேன். உடம்பில் நிறைய. நல்லது. முகத்தில் பதினொன்று. அது நல்லதா கெட்டதா தெரியவில்லை. சிலது காய்ந்திருக்கிறது, சிலது புதுசு. உயிர் கொஞ்சம் திரும்பி வந்தது. அப்புறம் உள்ளங்கையை விரித்தேன். இடது உள்ளங்கையில் சிவப்பாக ஒன்று.

நான் அழுதது அவ்வளவு சத்தமாகக் கேட்டிருக்கும் என்று நினைக்கவில்லை. அந்தம்மா குடையை மறந்துவிட்டுத் திரும்பி வந்திருக்கிறார். கதவைத் திறந்து என்னைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், கையில் இருந்த பேப்பரைப் பார்த்தார். ஒரு எட்டு பின்னால் போனார். போச்சு, போலீசைக் கூப்பிடப் போகிறார் என்று நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். அந்தம்மா கோட்டைக்கூடக் கழற்றாமல் கிட்டே வந்து என் கன்னத்தில் கை வைத்தார்.

“உனக்குமா?” என்றார்.

அவர் கூப்பிட்டது அவருடைய டாக்டரைத்தான். வயசானவர், வீட்டுக்கே வந்து பார்க்கிற பழைய பழக்கம் உள்ளவர். எந்த நாடு என்று கேட்டார். என்றைக்கு வந்தாய் என்று கேட்டார். பதிலைக் கேட்டதும் அவர் முகம் மாறிவிட்டது. வீட்டுக்கார அம்மாவைக் கீழே போகச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார். மஞ்சள் அட்டையைக் கொடுத்தேன். முத்திரையைப் பார்த்தார். பிறகு என் ரவிக்கைக் கையைத் தூக்கி இடது தோளைப் பார்த்தார், வலது தோளைப் பார்த்தார். இரண்டிலும் தழும்பு இல்லை. அட்டையை மறுபடி ஒரு தடவை பிரித்துப் பார்த்தார். எனக்குப் பொய் சொல்ல வாய் வந்ததுதான். ஆனால் கீழே அந்தம்மா யாரிடமோ டெலிபோனில் பேசுகிற குரல் கேட்டது. என் கன்னத்தைத் தொட்ட கையால்தானே டெலிபோனையும் பிடித்திருப்பார் என்று தோன்றியது.

குத்தவே இல்லை, அட்டை பொய் என்று சொல்லிவிட்டேன்.

அவர் கண்ணாடியை மாற்றிக்கொண்டு, விளக்கைக் கிட்டே இழுத்து, ஒவ்வொரு முத்தாகப் பார்த்தார். முதுகு, வயிறு, வாய்க்குள், பாதம், உள்ளங்கை. கால் மணி நேரம் இருக்கும். நான் மாரியாத்தா பேரைத் தவிர வேறெதையும் நினைக்கவில்லை. கடைசியில் விளக்கை அணைத்துவிட்டு, சின்னம்மைதான், சந்தேகமே வேண்டாம், உள்ளங்கையில் ஒன்றிரண்டு வருவது உண்டு என்றார். அரண்மனையில் இருக்கிற அம்மாவுக்கு வந்ததேதான் என்று சொல்லி முதல்தடவையாகச் சிரித்தார். பொருக்கு உதிர்ந்ததும் கிளினிக்குக்கு வரவேண்டும், இந்தத் தடவை நிஜமாகக் குத்துவேன் என்றார். என் அட்டையை மடித்து என்னிடமே கொடுத்தார். வீட்டுக்கார அம்மாவிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சாயங்காலத்துக்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது. மகாராணிக்கு இருப்பது என் மாடியிலும் ஒருத்திக்கு இருக்கிறது என்று அந்தம்மா டெலிபோனில் ஏதோ பரிசு விழுந்த மாதிரி சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குக் களிம்பும் சூப்பும் வந்தன. சூப் வந்தது, அலமாரியிலிருந்து எடுத்த மகாராணி கோப்பையில்.

ஆறு மணிக்கு இவர் வந்தார். ஷூவில் அதே ஈர மணல். உட்காரச் சொல்லி எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா, அம்மாவின் வாக்கு, கம்பவுண்டர், டாக்டர், எல்லாம். உங்களுக்குத் தழும்பு இருக்கே, உங்களுக்கு வராது என்கிற தைரியத்தில்தான் சொல்லாமல் இருந்தேன், மன்னிச்சிடுங்க என்றேன்.

இவர் சட்டைக் கையை மடித்துத் தன் தழும்பைத் தானே பார்த்தார்.

“இது அம்மை குத்தினது இல்ல. எட்டு வயசுல தீபாவளிக்குப் பட்டாசு சுட்டது. எனக்கும் குத்தல. அட்டையும் உன்னுது மாதிரிதான்.”

அப்புறம் இருபத்தைந்து நாளில் பேசாததையெல்லாம் சேர்த்துப் பேசினார். திங்கட்கிழமை விடியும்போதே, நான் தூங்கிக்கொண்டிருக்கையில் என் முதுகைப் பார்த்துவிட்டாராம். பெரியம்மை என்றே முடிவு பண்ணிவிட்டாராம். டாக்டரைக் கூப்பிட்டால் என்னைத் தூக்கிக்கொண்டு போய் எங்கேயாவது தனியாகப் போட்டுவிடுவார்கள், தன்னை உள்ளே விடமாட்டார்கள் என்று பயம். வேலைக்குப் போகிற வழியில் அத்தனை பேர் ஏறுகிற ஸ்ட்ரீட்காரில், அதுதான் டிராம் வண்டியில், தானும் ஏறக்கூடாது என்று, ஆபீசுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு, நாலு நாளும் நடந்தே ஏரிக்கரைக்குப் போய், ஆளில்லாத இடமாகப் பார்த்து, அந்தக் காற்றில் சாயங்காலம் வரைக்கும் உட்கார்ந்திருந்திருக்கிறார். நான் கட்டிக்கொடுத்த சாப்பாட்டை அங்கேயே தின்றிருக்கிறார்.

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அழுகையும் வந்தது. இந்த மனுஷனுக்குத் தழும்பு இருக்கிறது என்று நான் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேனே.

“பெரியம்மைன்னு நினைச்சுக்கிட்டா தினமும் வந்து என் பக்கத்துல படுத்தீங்க?” என்று கத்தினேன்.

இவர் அன்றைய பேப்பரைக் கிழித்து, குனிந்து ஷூவில் இருந்த மணலைத் துடைத்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை.

“வேற எங்க போய்ப் படுக்கறது?” என்றார்.