முதுகில் கட்டும் குடை

கிருஷ்ணன்கோவில் கல்லூரியில் படிக்கும் மகள் சனிக்கிழமை ஒரு தாளை நீட்டினாள். வெளியூர் முகாமில் கிளைடர் விமானம் ஓட்டக் கற்றுத்தருகிறார்களாம். நான் கையெழுத்துப் போட்டால்தான் சேர்ப்பார்களாம். ராஜபாளையம் மில்லில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு அப்போதுதான் வந்திருந்தேன். கால் இரண்டும் வேறு யாருடைய கால்களோ போலிருந்தன.

"இன்ஜினே கிடையாதும்மா. காத்துலயே மிதக்கும்" என்றாள். தாளின் கடைசியில், பறப்பவர் எல்லோரும் பாராசூட் அணிய வேண்டும் என்று போட்டிருந்தது.

"பத்திரமானதுன்னா இந்தக் குடை எதுக்குட்டி? கெளம்பும்போதே விழுறதுக்கு ஏற்பாடா? அச்சானியமால்லா இருக்கு. வேலியில போற ஓணான எடுத்து மடியில விடச் சொல்லுதியா?"

நல்லதுக்குப் புறப்படும்போது கெட்டதை நினைப்பதற்கு எங்கள் பக்கம் அதுதான் பேர், அச்சானியம். தாளை அரிசி டின்னுக்கு அடியில் சொருகினேன். அவள் அப்பா பைக்கில் அடிபட்டு இறந்து மூன்று வருஷம் ஆகிறது. இன்னொன்றைத் தாங்க எனக்குத் தெம்பில்லை. அதையும் அவளிடம் சொல்லிவிட்டேன்.

மறுநாள் மாடியில் துணி காயப்போடும்போது அவள் மலைப்பக்கம் கையைக் காட்டினாள். ஏழெட்டுப் பருந்துகள் ஒரே இடத்தில் வட்டம் போட்டு மேலே ஏறிக்கொண்டிருந்தன.

"அந்த இடத்துலதான் சூட்டுக்காத்து மேல ஏறுது. கிளைடருக்கும் அந்தக் காத்துதாம்மா வேணும். ஒருத்தருக்குக் கிடைச்சா அம்புட்டுப் பேரும் அங்கேயே வந்து சுத்துவாங்க. நான் ஒழுங்காத்தான் ஓட்டுவேன். பக்கத்துல சுத்துறவன் இடிச்சிட்டா? ரெக்கை ஒடிஞ்சா இறக்க முடியாது, குதிக்கத்தான் முடியும். அதுக்குத்தான் குடை."

அவள் அப்பாவும் ஒழுங்காகத்தான் ஓட்டினார். ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டில் எதிரே வந்தவன்தான் தப்பாக வந்தான். சொந்தத்தில் ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் புறப்பட்ட அவர், முதலில் ஹெல்மெட்டைக் கையில் எடுத்திருந்தார். "நல்ல காரியத்துக்குப் போகையில இது எதுக்கு, அச்சானியமா" என்று வாங்கி ஆணியில் மாட்டியது நான். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. மாடியில் நின்ற அவளிடமும் சொல்லவில்லை.

கீழே வந்து டின்னை நகர்த்தித் தாளை எடுத்துக் கையெழுத்துப் போட்டேன்.

"எம்மா, குடையக் கட்டுனா அச்சானியம்னு நேத்து சொன்னியே?" என்று கேலியாகக் கேட்டாள்.

"சொன்னேன். இனிமே நான் அப்படிச் சொன்னா கேக்காதட்டி."