கமுந்திங் பையனின் வீடு

படிப்பு ஆலோசகர் என்றால், அடுத்தவர் பிள்ளைக்குப் பட்டம் வாங்கிய பிறகு என்ன சம்பளம் வரும் என்று இன்றைக்கே சொல்கிற வேலை. ஈப்போவில் ஒரு கடைவீட்டு மாடியில் அதைத்தான் செய்கிறேன். இதில் வரும் கமுந்திங் பையன் கதையைப் பல வருடங்களாகச் சந்தேகப்பட்டு வருகிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கதையைச் சொன்னவர் முனியாண்டி அண்ணன். எனக்கு முன் இந்த நாற்காலியில் இருந்தவர். கமுந்திங் பக்கம் ஒரு தோட்டத்துப் பையன் அறிதிறன் அறிவியல் படித்தானாம். மனம், மொழி, கணினி எல்லாவற்றையும் சேர்த்துப் படிக்கும் பட்டம் அது. பினாங்கில் பெரிய சம்பளமாம், பெற்றோருக்கு வீடு வாங்கிக் கொடுத்தானாம். முதல் தடவை சொன்னபோது அது மலிவு விலை வீடு. அண்ணன் ஓய்வு பெற்றபோது இரட்டை மாடி வீடாகியிருந்தது. பிள்ளையின் படிப்பை நினைத்துத் தூக்கம் கெட்டவர்களே, உங்களுக்கும் யாராவது இப்படி ஒரு பையனைக் காட்டியிருப்பார்கள்.

வாசல் பலகை

ரயில்வேயில் ஓய்வு பெற்ற யாழ்ப்பாணத்துப் பெரியவர் ஒருவர் பேத்தியோடு வந்தார். அந்தப் பெண்ணுக்கு அறிதிறன் அறிவியல்தான் வேண்டுமாம். மொழி எப்படி மூளையில் தங்குகிறது, இயந்திரம் எப்படி அதைக் கற்றுக்கொள்கிறது என்றெல்லாம் நான் விளக்கினேன். பெரியவர் கைத்தடியை மடியில் வைத்துக்கொண்டு கடைசிவரை பொறுமையாகக் கேட்டார்.

“தம்பி, டொக்டர் எண்டா விளங்குது, லோயர் எண்டா விளங்குது. இதைப் படிச்ச பிள்ளைக்கு வாசல்ல என்ன பலகை போடுறது?”

எந்தத் தோட்டம்?

கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒரு அம்மா மகனை அழைத்து வந்தார். மூளை, மனம் என்று நான் ஆரம்பித்ததுமே, “படிச்சிட்டு தஞ்சோங் ரம்புத்தான் ஆஸ்பத்திரியில வேலையாண்ணே?” என்றார். இந்தப் பக்கத்தில் மனம் என்றாலே முதலில் நினைவுக்கு வருவது அந்த மனநல மருத்துவமனைதான். இல்லையம்மா என்று சொல்லி, வழக்கம்போல் கமுந்திங் பையனை எடுத்துவிட்டேன்.

அந்த அம்மாவின் முகம் மலர்ந்தது. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டார்.

“நான் கமுந்திங்லயே பொறந்து வளர்ந்தவதாண்ணே, எந்தத் தோட்டத்துப் பையன்?”

கெலிண்டான்

சிம்பாங் பூலாய் கல்குவாரியில், கெலிண்டான் என்கிற உதவியாளோடு லோரி ஓட்டும் சுப்ரமணியம், பேசும்போதெல்லாம் முட்டியைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். குளிர்சாதனம் பழுதுபார்க்கும் படிப்பென்றால் சீக்கிரம் சம்பாதிக்கலாம். இந்தப் பட்டம் என்றால் மகன் முடிக்கும்வரை இந்த முட்டி தாங்க வேண்டும். இவ்வளவுதான் அவர் கணக்கு. கமுந்திங் பையனைக் கேட்டபின் பட்டத்தின் பக்கம் சாய்ந்தார்.

இப்போதும் சிம்பாங் பூலாய் சாலைச் சந்திப்பில் கல் லோரி ஏதாவது பக்கத்தில் வந்து நின்றால் நான் அண்ணாந்து பார்ப்பதில்லை. ஓட்டுநருக்குப் பக்கத்தில் அவர் மகன் உட்கார்ந்திருந்தால் என்ன செய்வது? அன்று எழுந்து போகும்போது சுப்ரமணியம் சொன்ன வார்த்தை அப்படி. அவர் மட்டும்தான் சிரித்தார்.

“வேலை கிடைக்கலனா என்னண்ணே, என் லோரிக்கு கெலிண்டானா வந்துடுவான். பட்டம் வாங்குன கெலிண்டான் ஈப்போவுலயே நம்மகிட்ட மட்டுந்தான்லா.”

என் வீட்டுச் சாப்பாட்டு மேசை

என் மகள் தர்ஷினிக்கு இடம் கிடைத்தது. அதே பட்டம். சேமநிதியில் என் கடைசிக் காலத்துக்கு இருப்பதை எடுத்தால்தான் கட்டணம் கட்ட முடியும். சரி என்றால் வயதான காலத்தில் என் கதி என்ன? வேண்டாம் என்றால், இத்தனை பெற்றோரிடம் நான் எந்த வாயால் பேசினேன்? வேறு படிப்பு பார்க்கலாமே என்று இழுத்தேன். மகள் சோற்றிலிருந்து கையை எடுத்தாள்.

“சாப்பிடுறப்ப போன் வந்தாக்கூட எல்லார்கிட்டயும் அந்தக் கமுந்திங் அண்ணன பத்தித்தானேப்பா சொல்வீங்க. அவரால முடிஞ்சது என்னால முடியாதா?”

சிலிபினில் ஒரு தேநீர்

கட்டணம் கட்ட வேண்டிய நாள் நெருங்கியது. முனியாண்டி அண்ணனைத் தேடி சிலிபினுக்குப் போனேன். வாசலில் உட்காரவைத்தார். கணக்காய்வு நிறுவனத்தில் வேலை செய்யும் அவருடைய மகள், அலுவலக உடை மாற்றாமலே தேநீர் கொண்டுவந்து வைத்தாள். அண்ணன் பெருமையாக அவளைப் பார்த்தார். வேலை தேடி அவள் ஒரு நாள்கூட அலையவில்லை என்றார்.

நான் தயங்கித் தயங்கி அந்தப் பையனைப் பற்றி விசாரித்தேன். அவர் கொஞ்சமும் யோசிக்கவில்லை.

“அவனா? இப்ப பங்களா வாங்கிட்டான்லா.”

ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் வழி சொல்லிப் பிழைக்கும் நான், தேநீர்க் குவளையைக் கீழே வைத்துவிட்டு, கடைசியில் இதை மட்டும் கேட்டேன்: “அப்படின்னா உங்க மகள மட்டும் ஏண்ணே கணக்கியல் படிக்க வச்சீங்க?”